நிற்கும் வண்டியின் எண்ணெய்க் கணக்கு

ஓவுலு நகரம். காலை ஏழே கால்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நேற்று மாலைக்குப் பின் ஒன்றும் தின்னவில்லை,
காப்பிகூட இல்லை.
காப்பி குடிக்காத தெல்லெர்வோவை
இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மல்லாந்து கிடக்கிறேன்.
தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு,
கடையில் கேக்கை ஈ மொய்க்காமல் மூடிவைப்பார்களே,
அதே மாதிரி.
தூங்கக்கூடாது, அசையக்கூடாது,
முப்பது நிமிடம் எதையும் நினைக்கக்கூடாது
என்கிறான் ஆய்வகத்து இல்போ.
அப்படியென்றால் கேக் மூடியைக்
கவிழ்த்திருக்க வேண்டாம், தம்பி.

இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
நின்றாலும் வண்டி எண்ணெய் குடிக்கும்,
அது எனக்குப் புதிதில்லை.
கூட்டிலிருந்து ஒரு குழாய்
என் மூச்சை எடுத்துப்போகிறது:
எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போயிற்று,
எவ்வளவு கரியமில வாயு வெளியே வந்தது.
பெருமூச்சுக்குத் தனிக் கணக்கில்லை.

பதினான்கு மாதத்தில் முப்பத்தொரு கிலோ.
சீருடையை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்கள்.
டிப்போவில் கைதட்டினார்கள்.
மர்யுக்கா பாராட்டுவதற்குக் கேக் வாங்கிவந்து,
மேசையில் வைத்த பிறகுதான்
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஒரு துண்டு தின்றேன்.
முந்நூற்று நாற்பது என்று எழுதியும் வைத்தேன்.

அதற்குப் பிறகு
அதே தட்டு, அதே கரண்டி, அதே அளவு,
நான்கு கிலோ திரும்பி வந்தது.
சுகாதார நிலையத்து நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு புருவம் மட்டும் மேலே போனது.
அந்தப் புருவத்துக்குப் பதில் சொல்லத்தான்
இங்கே படுத்திருக்கிறேன்.

இல்போ மூடியைத் தூக்குகிறான்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
"உங்கள் வயது, உயரம், எடை உள்ள இன்னொருவர்
சும்மா படுத்திருந்தால்
ஆயிரத்து நானூற்றுப் பத்து ஆகியிருக்கும்."

இன்னொருத்தி.
உடனே அவளைப் பார்த்துவிட்டேன்.
பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறாள்,
என் இடுப்பு, என் தோள், என் எழுபத்தெட்டு கிலோ,
ஆனால் ஒருநாளும் குண்டாக இருந்ததில்லை.
விரல்நுனி சூடாக இருக்கிறது அவளுக்கு.
இரண்டு துண்டு கம்பு ரொட்டி, வெண்ணெய் தடவி,
விரலசைக்காமலே எரித்துவிடுகிறாள் தினமும்.
என்னுடைய இரண்டு துண்டு.

நான் திருடவில்லை என்று தெரிந்தது.
அதில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும்.
வந்தது, கொஞ்சம்.

உள்ளே ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார் போல.
அவருக்குச் செய்தித்தாள் வாசிக்கத் தெரியாது.
நான் கவுன் வாங்க இளைத்தேன் என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
பஞ்சம் என்றே எடுத்துக்கொண்டார்.
இந்த நாட்டில் ஒருகாலத்தில்
பைன் மரப் பட்டையை இடித்து
மாவில் கலந்து தின்றவர்கள் உண்டு,
அவர்களில் பிழைத்த யாரோ எனக்குள்ளும் இருப்பார்கள்.
சத்தமில்லாமல் அவர்
விரல்களுக்குப் போகும் சூட்டைக் குறைத்தார்,
முழங்காலின் துறுதுறுப்பை நிறுத்தினார்,
ஒவ்வொரு அறையாக விளக்கணைத்தார்.
நான் பட்டினியில் சாகக்கூடாது என்று.
என்னைக் கேட்காமல்.

"சரியாகுமா?" என்று கேட்டேன்.
"சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு எவ்வளவு நாளோ."
நல்ல பையன், பொய் சொல்லவில்லை.
சோதனை முடிந்தவர்களுக்குத் தட்டில்
காப்பி, இரண்டு துண்டு கம்பு ரொட்டி.
பஞ்சத்தில் அடிபட்டவள் மாதிரி
ஒன்றை நின்றுகொண்டே தின்றேன்.
மற்றதைக் கணக்குத் தாளிலேயே மடித்துக்கொண்டேன்.

எட்டாம் தடம், கடைசி நிறுத்தம், மத்தியானம்.
இரண்டு நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது,
அது விதி. அணைத்தேன்.
இரும்பு குளிர்ந்து டிக் டிக் என்றது.
கையுறையைக் கழற்றி,
தாளைப் பிரித்தேன்.
வெண்ணெய் பட்டு அந்த எண் மங்கியிருந்தது.
அவளுடைய துண்டு.
பனியைப் பார்த்தபடி
மெதுவாகத் தின்றேன்.
எழுதிவைக்கவில்லை.